அம்மா போடாத கையெழுத்து

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், பங்கு மக்களுக்கும் அம்மாவின் பிள்ளைகள் இருவரின் வணக்கம்.

அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டார். "நல்லதா எழுது மேரி. சண்டையெல்லாம் இழுக்காத" என்றும் சொல்லி வைத்தார். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மாவைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமென்றால் சண்டையைத் தொடாமல் எழுத முடியாது. அவர் யாரிடமும் குரலை உயர்த்தியவர் அல்லர். "முடியாதுங்க" என்று ஒரு முறை சொல்வார். அதன் பிறகு எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். சொந்தத்தில் பலர் அதற்கு வறட்டுப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தீர்கள். பெயர் வைத்தவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள். வந்ததற்கு நன்றி. கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

அம்மா பிறந்தது பெண்ணாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்த மேட்டுக்காட்டு விவசாயக் குடும்பம். ஐந்து பெண்களுக்கு நடுவில் பிறந்தவர் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏர் பிடிப்பதைத் தவிர காட்டு வேலை எல்லாம் தெரியும். எருவைக் கையில் எடுத்து மோந்து பார்த்தே மக்கியதா மக்கவில்லையா என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வயதில் அதியமான்கோட்டைக்கு மருமகளாக வந்தார்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்துக் காட்டில் கிணறு தூர் வாரப் போன அப்பா மண் சரிந்து இறந்தார். அடக்கம் முடிந்த வாரமே பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். "புள்ளைங்கள ஆயா வூட்டுக்கு அனுப்பிட்டு, நிலத்தப் பங்காளிங்க கிட்ட உட்டுட்டு, நீயும் பொறந்த ஊருக்கே போயிடும்மா" என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கேட்ட முதல் முடியாது அதுதான்.

அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் விளைந்ததை வைத்து மூன்று பேர் சாப்பிட முடியாது. அதனால் தர்மபுரியில் அரசு விருந்தினர் விடுதி ஒன்றில் தினக்கூலிக்குத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். எந்த விடுதி என்று எழுதவில்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. காலை முதல் பேருந்தில் போவார், மாலையில் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வளாகத்தில் நடந்த முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கவும், தன் பெயரை எழுதவும் கற்றுக்கொண்டார். பெயர் எழுதப் பழகிய மாதம் எங்கள் வீட்டுச் சுவர், அடுப்பு மேடை, முறத்தின் பின்பக்கம் எல்லாம் அம்மாவின் கையெழுத்தாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கைநாட்டு வைக்கும்போது அவர் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு இருந்த பெருமையை இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "ஒரு செடிக்காக வேலையக் கெடுத்துக்கிட்டவ" என்று பேசியிருக்கிறீர்கள். நடந்தது என்னவென்று தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான்.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. அந்தக் கோடையை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போய்த் திரும்பினாலும் குடம் வைத்த இடத்திலேயே இருக்கும். அப்போது விடுதியின் ஒரு பகுதியில் ஓர் உயர் அதிகாரி குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவருடைய மனைவி ஏற்காட்டிலிருந்து ஓர் ஆர்க்கிட் செடியைக் கொண்டுவந்து முன்வாசலில் தொங்கவிட்டிருந்தார். தடித்த இலைகள் ஏழெட்டு. வேர்கள் தொட்டிக்குள் அடங்காமல் வெள்ளை வெள்ளையாக வெளியே தொங்கின. தொட்டியில் விரிசல் விழுந்திருந்தது. கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, வேறு தொட்டிக்கு மாற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேற்பார்வையாளர் அந்த வேலையை அம்மாவிடம் கொடுத்தார். எப்படி மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செடி நடுவதை அம்மாவுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்த விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அன்று மாலை அம்மா வந்ததும் வராததுமாகப் புலம்பினார்.

"மேரி, அந்தச் செடிய கரியில நட்டு வெச்சிருக்காங்க. அடுப்புக்கரியும் ஒடைஞ்ச செங்கல்லும். ஒரு புடி மண்ணு இல்ல. பட்டினி போட்டு வெச்சிருக்காங்க பாவிங்க. வேரு வெளிய வந்து சோறு தேடிட்டு நிக்குது."

மறுநாள் வீட்டுக் குப்பைமேட்டின் அடியிலிருந்து இரண்டு வருடம் மக்கிய சாணத்தை வெட்டி எடுத்து, சலித்து, பையில் கட்டிப் பேருந்தில் கொண்டு போனார். செம்மண்ணும் மணலும் கலந்தார். வெளியே தொங்கிய வேர்களை ஒவ்வொன்றாகப் பக்குவமாக மடித்து உள்ளே வைத்து மூடினார். கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை விட்டார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். விடுதிக் குழாயில் தண்ணீர் வராத நாளில், தான் குடிக்கக் கொண்டுபோன தூக்குவாளித் தண்ணீரில் பாதியை மிச்சம் பிடித்து அதற்கு ஊற்றினார். அந்தக் கோடையில் தன் குடிநீரைப் பிறத்தியார் செடிக்கு ஊற்றிய ஒருவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

நம்மில் யார் அந்தத் தொட்டியை மாற்றியிருந்தாலும் இதையேதான் செய்திருப்போம். கடலைக்கும் ராகிக்கும் பழகிய கைக்கு வேறு என்ன தெரியும்?

மூன்றாம் வாரம் இலை மஞ்சளானது. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பிடி எருவைப் போட்டார். நான்காம் வாரம் இலைகள் சுருங்கித் தொங்கின. ஒன்றை நிமிர்த்தப் போனபோது அது கையோடு வந்துவிட்டது. விடுமுறை முடிந்து வந்த அதிகாரியின் மனைவி தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதை யார் மண்ணில் வைத்தது?" என்று கேட்டார். தோட்டத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"நாந்தானுங்க" என்றார் அம்மா.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மேற்பார்வையாளருக்குத் தன் மேல் பழி வந்துவிடுமோ என்று பயம். இரண்டு நாள் கழித்து, தட்டச்சு செய்த தாள் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தார். கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நான் வாசித்துக் காட்டினேன். எனது அலட்சியத்தால் மேற்படி செடி அழிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன், இனி இவ்வாறு நடவாது என உறுதி கூறுகிறேன், என்பதுதான் வாசகம்.

"அந்த மொத வார்த்தைய மறுபடி படி" என்றார் அம்மா. படித்தேன். தாளை வாங்கி மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தினக்கூலிக்காரர்களில் மூன்று பேரை நிரந்தரமாக்குவதற்குப் பெயர் அனுப்பும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் பெயர் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அந்த ஒரு பேச்சுதான். நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம், நோய் வந்தால் விடுப்பு, கை ஓய்ந்த காலத்தில் பென்ஷன். தாளில் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும், பெயரும் மேலே போகும். போடாவிட்டால் போகாது. மேற்பார்வையாளர் இதை ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள் நானும் அம்மாவோடு போனேன். சண்டை போட அல்ல. அம்மாவைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்கத்தான் போனேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"ஏம்மா, ஒரு கையெழுத்துதானே? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மேற்பார்வையாளர்.

"தப்பு என்னுதுங்க சார். மண்ணுல வெச்சது தப்பு. எரு போட்டது தப்பு. தப்புன்னு எழுதிக் குடுங்க, இப்பவே போடறேன். அலட்சியம்னு எழுதியிருக்குது. அது என்னுது இல்லீங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

"சரி, கையெழுத்துக்குத்தான் யோசனைன்னா கைநாட்டு வெச்சிட்டுப் போ."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க சார். அதனாலதான் படிச்சுப் பாத்துட்டுப் போட மாட்டேங்கிறேன்."

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். "ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் கெடுக்குறியேம்மா. யாரு படிக்கப் போறாங்க அத?" என்றேன்.

"நான் படிச்சிட்டேனே" என்றார். அவ்வளவுதான்.  பேருந்தில் ஏறிய பிறகு, "நீ டீச்சராவப் போறவ. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம புள்ளைங்களுக்கு என்னான்னு சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பெயர் போகவில்லை. மற்ற இருவர் நிரந்தரமானார்கள், மூன்றாவது இடத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். செடியைக் குப்பைக் குழியில் போடச் சொன்னார்கள். அம்மா மேற்பார்வையாளரிடம் போய், "குப்பையில போடறத நான் எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் எடுத்தார். அந்த அளவுக்கு உஷார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் போய், அங்கிருந்து ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினார். நானும் போனேன். மலையில் ஒரு நர்சரியின் வாசலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் செடியைக் காட்டினார். அவருக்கும் அம்மாவின் வயதுதான் இருக்கும். தொட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க்கா, சாணி போட்டியா?"

"ரெண்டு தடவ போட்டேனுங்க."

"தண்ணி?"

"ரெண்டு வேளையும்."

"ஐயோ சாமி! மூச்சு முட்டிச் செத்திருக்கும்க்கா. இது மரத்து மேல உக்காந்து காத்துல பொழைக்கிற ஜாதி. வேருக்குக் காத்து வேணும். நீ மூக்கப் பொத்தி வாயில சோறு திணிச்சிருக்கிற."

அந்தப் பெண்மணி பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. களைக்கொத்தை வைத்துவிட்டு உட்கார்ந்து, தொட்டியைக் கவிழ்த்து, வேர்களைக் கழுவிக் காட்டினார். கையால் உருவியதும் பழுப்பு நிறத்தில் தோல் வழன்று வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. அத்தனை வேரிலும் கெட்டியாக இருந்தது இரண்டு விரல் நீளத் துண்டு ஒன்றுதான். "இது ஒண்ணு இருக்குது. இது போதும்க்கா. ஆனா நீ சும்மா இருக்கணும். உன்னால முடியுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னபடி அம்மா செய்தார். பிளேடை நெருப்பில் காட்டி அழுகியதை எல்லாம் வெட்டினார். வெட்டிய வாயில் கரித்தூளைத் தடவி ஒரு நாள் முழுக்க நிழலில் அப்படியே போட்டு வைத்தார். பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட தொட்டியில் கரியும் ஓட்டுத் துண்டும் மட்டும் நிரப்பினார். புதுவேர் விடும்போது செடி ஆடினால் முனை ஒடிந்துவிடும் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்ததால், ஒரு குச்சியை நட்டுப் பழைய சேலைக் கிழிசலால் செடியை அதோடு அசையாமல் கட்டினார். வீட்டின் பின்னால் குளிக்கும் மறைப்பின் ஓரம் எப்போதும் கொஞ்சம் ஈரக்காற்று இருக்கும். வேப்பமர நிழலும் உண்டு. அங்கே வைத்து, சுற்றி நனைந்த சாக்கைத் தொங்கவிட்டார். எரு கிடையாது. தண்ணீர், கரி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தெளிப்பு மட்டும்.

பாடுபட்டுப் பழகியவருக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். சொம்போடு பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வருவார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது மேரி" என்பார். கடைசியில் சொம்பை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தை, "செத்த செடிக்கு எத்தனை நாளு துக்கம் காக்குறது?" என்று கேலி செய்தார். "செத்துச்சுன்னு அது சொல்லட்டும், அப்ப தூக்கிப் போடறேன்" என்றார் அம்மா. இருந்த நான்கு இலையில் மேலும் இரண்டு உதிர்ந்தன. மீதி இரண்டும் கிழவியின் கன்னம் போலச் சுருங்கிக் கிடந்தன. தினக்கூலிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார். நிரந்தரமானவர்கள் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவர் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் வருத்தம் சொன்னதில்லை. நான்தான் உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை இரண்டு தூற்றல் போட்ட பிறகு ஒரு காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டுச் செடியின் அடியைக் காட்டினார். மூக்குத்தி அளவில் ஒரு பச்சை முனை. புது வேர்.

"தொடாத. பாத்துட்டுப் போ" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. வேர் இரண்டானது, மூன்றானது, வெளியே தொங்கியது. இந்த முறை அம்மா அதை உள்ளே தள்ளவில்லை. எனக்குப் பாப்பாரப்பட்டியில் ஆசிரியை வேலை கிடைத்து நான் அங்கே வாடகை வீட்டுக்குப் போன மறு வருடம் அது பூத்தது. ஒரே தண்டு, ஊதா நிறத்தில் பதினொரு பூ. அம்மா சொல்லி அனுப்பியதும் ஓடி வந்தேன். பறித்து மாதா பீடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம். இதுக்கு வேற எடம் இருக்குது" என்றார்.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் தொட்டியோடு ஏறினார். விடுதி அலுவலகத்தில் அதே மேற்பார்வையாளரின் மேசை மேல் அதை வைத்தார். நான் கதவருகில் நின்றேன். அந்த அதிகாரி குடும்பம் மாற்றலாகிப் போய் வெகு காலமாகியிருந்தது. மேற்பார்வையாளர் பூவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அதே செடியாம்மா?"

"அதேதானுங்க. அந்தப் பேப்பர் உங்க கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்களா சார்?"

அதன் நகல் ஒன்று அவரிடம் கோப்பில் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. பயந்தவர், அவ்வளவுதான். கோப்பைத் தேடி எடுத்துவிட்டு, "இன்னும் முடிக்காமத்தான் கெடக்குது. இப்பப் போட்டாக்கூட முடிச்சிடலாம்மா. அடுத்த தடவ பேரு அனுப்பும்போது சேத்துப் பாக்கலாம்" என்றார்.

மேசை மேல் பதினொரு பூவோடு செடி நிற்கிறது. அந்தச் செடி அழிந்துவிட்டது என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சார், செடி செத்துப் போச்சுன்னு அதுல எழுதியிருக்குதுங்க. செடி இங்க நிக்குதுங்க. அதுவே பொய்யிங்க. அந்த மொத வார்த்த அதவிடப் பெரிய பொய்யிங்க. ரெண்டு பொய்க்குக் கீழ என் பேர எழுதச் சொல்றீங்களா?"

 அவர் நகலைக் கோப்பிலிருந்து உருவி அம்மாவிடம் நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போம்மா. செடியையும் எடுத்துட்டுப் போ. யாரு கேக்கப் போறா" என்றார்.

அம்மா அதற்குப் பிறகும் நிரந்தரமாகவில்லை. முழங்கால் ஒத்துழைக்கும்வரை தினக்கூலிக்கே போனார். பென்ஷன் இல்லை, விடுப்பு இல்லை. உங்களில் சிலர் இதைத் தோல்வி என்றீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துக்காக விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

இனி அம்மாவின் கடைசி நாட்கள். சென்ற வருடம் தவக்காலத்துக்கு முன்பே அம்மாவுக்குக் கால் வீங்கியது, சோறு பிடிக்கவில்லை. அதியமான்கோட்டையில் தனியாக விட மனமில்லாமல் நான் பாப்பாரப்பட்டிக்குக் கூட்டி வந்தேன். வர மறுத்தார், நான்தான் வற்புறுத்தினேன். செடியையும் எடுத்து வந்தோம். கோடைச் சூட்டில் அம்மா துவண்டு கிடந்ததைப் பார்த்து, பள்ளி விட்டு வரும்போது தினமும் சந்தைத் தெருவில் இளநீர் வெட்டி வாங்கி வந்து கொடுத்தேன். குடித்ததும் முகம் கொஞ்சம் தெளியும். தெளிகிறதே என்று காலையும் ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு தர்மபுரியில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். சிறுநீரகம் இரண்டும் வெகு நாளாகப் பழுதாகியிருந்தது அங்கேதான் தெரிந்தது.

"இளநீர் கொடுத்தீர்களா? இந்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. யார் கொடுத்தது?" என்று கேட்டார் மருத்துவர்.

"நான்தான் டாக்டர்" என்றேன்.

அதனால்தான் முற்றியதா என்று கேட்டேன். நோய் முன்பே முற்றிவிட்டது, இளநீர் எவ்வளவு கெடுத்தது என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், எனக்குச் சாதகமாக ஒன்றும் கூட்டவில்லை.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னேன். "இளநீ குடுத்தது தப்பாம்மா. ஆகவே ஆகாதாம். நான் தினமும் ரெண்டு குடுத்தேனே."

அம்மா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"நீயும் எருப் போட்டுட்டியா?" என்றார்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "யாராச்சும் கேட்டா, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. மறைக்காத. அதுக்கு மேல ஒரு வார்த்தகூட ஒத்துக்காத."

நான்காம் நாள், பங்குத் தந்தையின் கையால் நோயில் பூசுதல் பெற்று, பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருக்க அம்மா இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று உறவினர் ஒருவர் நான்கு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: "நல்லா இருந்த மனுசிய ஊர மாத்திக் கூட்டிட்டுப் போயி அலட்சியமா உட்டுட்டா. மாசச் சம்பளக்காரிக்கு எங்க நேரம்?" யார் என்று எழுதப் போவதில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் ஒருவர்தான். இந்த ஒரு வருடமாக அந்த வார்த்தை விருந்திலும் சந்தையிலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் அண்ணன் சொன்னதைக் கேட்காமல் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஓசூரில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து கடைசி வரை அம்மாவைத் தூக்கிப் பிடித்த அண்ணனுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்ணிக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்திக் கொடுத்த பங்குத் தந்தைக்கும் நன்றி. அம்மாவோடு வேலை செய்து, அம்மாவுக்குக் கிடைக்காத நிரந்தரம் கிடைத்த தோட்டக்காரர் ஒருவர் வந்து கடைசி மண் தள்ளினார். அவருக்கு நன்றி. பெயர் தெரியாத அந்த ஏற்காட்டுப் பெண்மணிக்கு, இது அவர் கண்ணில் படாது என்றாலும், நன்றி. அந்த வார்த்தையைச் சொன்னவரும் அன்றைக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அதற்கு மனதார நன்றி. வார்த்தையை மட்டும் அவரிடமே திருப்பித் தருகிறேன்.

மலரின் அட்டையில் அம்மாவின் செடிப் பூவைப் போட நினைத்தோம். இந்த வருடம் பூக்கவில்லை. ரோஜாப் படம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமே என்றார் அச்சகக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செடி என் வீட்டுப் பின்வாசலில், வேர் வெளியே தொங்க, நன்றாக இருக்கிறது. பார்க்க வருபவர்கள் தாராளமாக வரலாம். தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.

யாரும் என்னிடம் தாள் நீட்டவில்லை. நானே எழுதிக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு இளநீர் கொடுத்தது நான். அது தப்பு. என் தப்பு. அலட்சியம் என்னுடையது அல்ல. எழுதியதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

செ. ஆரோக்கியமேரி
மகள்